கராம்பு எண்ணெய்: துளியில் மருந்து, கரண்டியில் நஞ்சு



கீரிமலை என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கேணிதான். உப்புக் கடலின் கரையிலேயே அங்கு நன்னீர் ஊறி வருகிறது. நகுல முனிவர் அதிலே நீராடித் தமது கீரி முகம் நீங்கப்பெற்றார் என்பது தல வரலாறு. மாருதப்புரவீகவல்லி என்ற இளவரசியின் குதிரை முகமும் அந்தத் தீர்த்தத்தினால் மாறியது என்றும், அதனாலேயே அயலூருக்கு மாவிட்டபுரம் என்ற பெயர் வந்தது என்றும் பெரியவர்கள் சொல்லுவார்கள். நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு சனங்கள் வந்துபோகும் இடம் அது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிக்க வருவோரின் கூட்டத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

சனம் கூடும் இடத்தில் கடைகளும் கூடும். காப்பு, விளையாட்டுச் சாமான், இனிப்புப் பண்டம் என்பவற்றோடு சின்னச் சின்னத் தைலப் போத்தல்களும் விற்பனைக்கு வரும். கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய், யூக்கலிப்ரஸ் எண்ணெய் எனப் பல வகை. பல்வலி, காயம், சளி, வயிற்றுக்குத்து எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லி விற்பார்கள். திருவிழா முடிந்த பிறகும் அந்தப் போத்தல் எங்கள் வீட்டுத் தட்டிலே மாதக்கணக்கில் இருக்கும்.

அண்மையில் கீரிமலைப் பக்கம் மீளக்குடியேறிய பெண்கள் சிலரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது இந்தப் போத்தல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "மிஸ், கராம்பெண்ணெய் கிருமியைக் கொல்லும் எண்டு விஞ்ஞானிகளே கண்டுபிடிச்சிருக்கினமாம், பேப்பரில கிடந்தது. அப்ப பிள்ளையின்ர புண்ணுக்குப் பூசினால் என்ன?" என்று ஒரு தாய் கேட்டார். பக்கத்திலிருந்த வயதான அம்மா, "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில எங்களுக்கு வேற என்ன மருந்து கிடந்தது பிள்ளை?" என்றார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். நான் வைத்தியர் அல்ல, சமூகப் பணியாளர். ஆகவே வைத்தியர்களும் ஆய்வாளர்களும் எழுதி வைத்தவற்றைப் படித்து, அவற்றை எங்கள் வீட்டு நிலைமையோடு சேர்த்துப் பார்த்து இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன். முதலிலேயே விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். கராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் எது கிருமி, எது எமது தசை என்று பிரித்தறிய அந்த எண்ணெய்க்குத் தெரியாது. இதை மறந்தால் மருந்தென்று நம்பிய போத்தலே பிள்ளையின் உயிருக்கு உலை வைத்துவிடும்.

எமது வீடுகளுக்கு இந்தப் போத்தல் ஏன் வந்தது?

வலிகாமம் வடக்குச் சனங்கள் 1990இல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் மட்டுமல்ல, மருந்துப் பொருட்களும் அனுமதியோடும் அளவோடுந்தான் வந்தன. வன்னியிலே 2009இன் தொடக்க மாதங்களில் வைத்தியசாலைகளிலேயே மயக்க மருந்துக்கும் அன்ரிபயோட்டிக் மருந்துக்கும் எவ்வளவு தட்டுப்பாடு நிலவியது என்பதை அந்த நாட்களைக் கடந்து வந்த சகோதரிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட காலங்களில் மஞ்சள், உப்புத் தண்ணீர், வேப்பிலை, கராம்பு என்பவைதான் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மாரின் அனுபவத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அது அறிவு, இல்லாமையின் நடுவே பிறந்த அறிவு.

2010க்குப் பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டு, சனங்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். தெல்லிப்பழை வைத்தியசாலை இயங்குகிறது, அரச வைத்தியசாலையில் பல்லுக்கும் புண்ணுக்கும் காசில்லாமல் பார்க்கலாம். இருந்தும் ஏன் போத்தலைத் தேடுகிறோம்? தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண், பல்வலிக்கென்று வைத்தியசாலை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தன் நோயைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று பெண்களுக்கு வீட்டிலேயே பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு துளி வைத்து வலியை அமர்த்திவிட்டு வேலைக்குப் போகிறார்கள். போத்தலின் பின்னால் இருக்கும் இந்தக் காரணங்களையும் பார்க்காமல் "பாவிக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லுவது நியாயமாகாது.

கராம்பு வேறு, கராம்பு எண்ணெய் வேறு

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை செக்கிலே பிழிந்து எடுக்கப்படுபவை. அவை உணவு. கராம்பு எண்ணெய் அப்படியானதல்ல. கராம்பினூடாக நீராவியைச் செலுத்தி, அதனோடு ஆவியாகி வரும் வாசனைச் சாரத்தைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பார்கள். பெயரிலே எண்ணெய் என்றிருந்தாலும் அது உணவு எண்ணெய் அல்ல, செறிந்த ஓர் இரசாயனப் பொருள்.

எவ்வளவு செறிவு என்பதைச் சமையலறைக் கணக்கிலே பார்ப்போம். நல்ல கராம்பு 100 கிராமிலிருந்து 15 முதல் 20 கிராம் வரை எண்ணெய் கிடைக்கும். அந்தக் கணக்கின்படி ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எண்ணெயிலே ஏறத்தாழ 300 கராம்பின் சாரம் அடங்கியிருக்கிறது. இறைச்சிக் கறிக்கு நாங்கள் நாலைந்து கராம்பு போடுகிறோம். 300 கராம்பை அரைத்து ஒரு பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாயும் துணியமாட்டாள். ஆனால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பார்வைக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அந்த எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை யூஜினோல் என்ற பொருள் உள்ளது. பல்வைத்தியரின் அறையில் அடிக்கும் வாசனை இதனுடையதுதான்.

கறுவா சொல்லும் பாடம்

இயற்கையானது என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் நாட்டுக் கறுவாவே பதில் சொல்லும். கறுவா இலங்கையின் சொந்த மரம். தெற்கே காலி, மாத்தறைப் பக்கங்களில் பெருமளவில் பயிராகிறது. கொழும்பிலிருந்த இலங்கை விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில் கலாநிதி ஆர். ஓ. பி. விஜேசேகரவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் கறுவா எண்ணெய்களைப் பகுத்து ஆராய்ந்தார்கள். ஒரே மரத்தின் இலை, பட்டை, வேர்ப்பட்டை ஆகியவற்றின் எண்ணெய்கள் மூன்றும் வெவ்வேறானவை. இலை எண்ணெயில் மிகுந்திருப்பது கராம்பில் உள்ள அதே யூஜினோல். பட்டை எண்ணெயில் மிகுந்திருப்பது சினமல்டிகைட். வேர்ப்பட்டை எண்ணெயில் மிகுந்திருப்பதோ கற்பூரம்.

மூன்றையும் "கறுவா எண்ணெய்" என்று ஒரே பெயரில் விற்றால் வாங்குபவருக்கு எது கையில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பட்டை எண்ணெயிலுள்ள சினமல்டிகைட் தோலை எரிக்கும், ஒவ்வாமையை உண்டாக்கும். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பை வரவழைக்கும். எனவே மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. மரத்தின் எந்தப் பாகம், எவ்வளவு செறிவு என்பதும் போத்தலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத போத்தலை வாங்காதிருப்பதே நல்லது.

கிருமியைக் கொல்லும் என்று எப்படிக் கண்டார்கள்?

பத்திரிகையில் வரும் செய்தி பொய்யல்ல. ஆய்வுகூடத்தில், வட்டமான கண்ணாடித் தட்டிலே கூழ் போன்ற ஊட்டப் பொருளைப் பரப்பி அதில் பக்றீரியாவை வளர்ப்பார்கள். எண்ணெயில் நனைத்த சிறு கடதாசி வட்டத்தை அதன் நடுவே வைப்பார்கள். ஒருநாள் கழித்துப் பார்த்தால் கடதாசியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரியும். வளையம் பெரிதாக இருந்தால் எண்ணெய்க்கு அந்தக் கிருமியை அடக்கும் வல்லமை உண்டு என்று கொள்வார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் 52 தாவர எண்ணெய்களையும் சாறுகளையும் 10 வகை நுண்ணங்கிகளோடு சேர்த்துச் சோதித்த ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ், வயிற்றோட்டத்தோடு தொடர்புடைய ஈ-கோலை, வாயில் வெண்படலம் உண்டாக்கும் கன்டிடா பங்கசு ஆகியவற்றைக் கராம்பு எண்ணெய் ஆய்வுகூடத்தில் அடக்கியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? கிருமியைச் சுற்றி மெல்லிய ஒரு சவ்வு உண்டு. யூஜினோல் அந்தச் சவ்விலே புகுந்து அதைக் குலைக்கிறது. உள்ளே இருப்பவை வெளியே கசிந்து கிருமி இறக்கிறது.

ஆனால் எமது உடலின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி அதே போன்ற ஒரு சவ்வு உண்டு. மனிதத் தோலின் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவற்றின் மேல் கராம்பு எண்ணெயைச் சோதித்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. 0.03 சதவீதம் என்ற அளவிலேயே அந்தக் கலங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அதாவது 10,000 துளியில் வெறும் 3 துளி. காயமில்லாத தோலின் மேற்பரப்பு எமக்கு ஓரளவு கவசமாக இருக்கும். புண்ணிலே அந்தக் கவசம் இல்லை. புண்ணின் அடியில் புதிதாக முளைத்துவரும் இளந்தசைதான் எண்ணெய்க்கு முகம் கொடுக்கும். புண் ஆற வேண்டுமானால் அந்த இளந்தசை பிழைக்க வேண்டும்.

கண்ணாடித் தட்டில் வளையம் தெரிந்தது நல்ல செய்தி. மனிதரில் பல கட்டங்களாகச் சோதித்து, எந்த அளவில், எத்தனை நாளைக்கு, யாருக்கு என்று வரையறுத்த பிறகே அது மருந்தாகும். அந்தத் தூரத்தைப் பத்திரிகைத் தலைப்பு சொல்லாது.

பல்லுக்கு நல்லதுதானா?

இங்கே கராம்பு எண்ணெய்க்கு நியாயம் செய்ய வேண்டும். யூஜினோலை நாகவொட்சைட்டுத் தூளோடு குழைத்துச் செய்யும் தற்காலிகப் பல் நிரப்பியைப் பல்வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பயன்படுத்தி வருகிறார்கள். குவைத்தில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாயில் ஊசி குத்தும் நோவைக் குறைப்பதில் கராம்புக் களிம்பு பென்சோகெயின் என்ற மரப்பு மருந்துக்குச் சமமாக இருந்தது. ஆகவே பல்வலிக்குக் கராம்பு என்று சொன்ன எங்கள் பாட்டிமார் பிழையாகச் சொல்லவில்லை.

வளர்ந்த ஒருவர் இரவிலே பல்வலியால் துடிக்கும்போது, கராம்பு எண்ணெய் ஒரு துளியைச் சில துளி தேங்காய் எண்ணெயோடு கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, சூத்தைப் பல்லின் குழியில் மட்டும் வைக்கலாம். முரசிலும் நாக்கிலும் படவிடக் கூடாது. ஊறும் உமிழ்நீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வைத்தால் முரசு வெந்துபோகும். எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு கராம்பை அந்தப் பல்லருகே வைத்து மெதுவாகக் கடித்திருந்தாலும் சற்று ஆறுதல் கிடைக்கும். அதிலே அளவு மீற இடமில்லை. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பதும் உதவும்.

ஆனால் இது ஓர் இரவைக் கடத்தும் வழி மட்டுமே. யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும், சூத்தையை அடைக்காது. வலி நின்றது என்பதற்காகப் பல் சுகமாகிவிட்டது என்று எண்ணினால், அடியில் சீழ் கட்டிக்கொண்டே போகும். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். பல்லிலிருந்து பரவும் சீழ் கழுத்துவரை இறங்கி மூச்சை அடைக்கக்கூடும்.

பிள்ளைகள் இருக்கும் வீடு

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில் இரண்டு வயது ஆண்பிள்ளை ஒன்று 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பு எண்ணெயைக் குடித்துவிட்டது. அது ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி அளவுதான். பிள்ளை நினைவிழந்தது, வலிப்பு வந்தது, ஈரல் பாதிக்கப்பட்டது, இரத்தம் உறையும் தன்மையும் குழம்பியது. தீவிர சிகிச்சையினால்தான் உயிர் தப்பியது. வைத்தியர்கள் இதை 1993இல் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். 2005இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. அந்தக் குழந்தைக்கு 15 மாதம். ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் எண்ணெய் உள்ளே போனதால் ஈரல் செயலிழந்தது. பரசிற்றமோல் அளவுக்கு மீறி உட்கொண்டவர்களுக்குக் கொடுக்கும் அதே மாற்று மருந்தை ஏற்றிக் காப்பாற்றினார்கள். எல்லா வசதியும் உள்ள நாட்டிலே, வேளைக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் தப்பிய பிள்ளைகள் இவர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் இணைந்த நிபுணர் குழு, யூஜினோலை நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்று 1982இல் வரையறுத்தது. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 25 மில்லிகிராம். ஒரு துளி எண்ணெயிலேயே ஏறத்தாழ அவ்வளவு அல்லது அதைவிடக் கூடுதலாக யூஜினோல் இருக்கிறது. இந்த வரையறை உடனே நஞ்சாகும் அளவு அல்ல, வாழ்நாள் முழுவதும் நாளாந்தம் எடுத்தாலும் தீங்கில்லை என்று கொள்ளும் அளவு. இருந்தாலும் "ஒரு துளிதானே" என்ற எங்கள் வழக்கமான பேச்சு குழந்தைகளின் விடயத்தில் எவ்வளவு பிழையானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஆகவே பல் முளைக்கும் குழந்தையின் முரசில் கராம்பு எண்ணெய் தடவ வேண்டாம். வயிற்றுக்குத்துக்குத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டாம். சளிக்கு யூக்கலிப்ரஸ் எண்ணெயை மூக்கிலோ வாயிலோ விட வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் முகத்திலும் மார்பிலும் பூச வேண்டாம். யூக்கலிப்ரஸ் எண்ணெயும் கற்பூரமும் உள்ளே போனால் பிள்ளைக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும்.

பழைய காயங்களும் செயற்கைக் கால்களும்

எமது வாசகியரில் பலரின் உடலில் யுத்தத்தின் அடையாளம் இன்னமும் இருக்கிறது. செல் துண்டு உள்ளே கிடந்து, வருடத்தில் இரண்டு மூன்று தடவை நீர் வடியும் காயம் சிலருக்கு உண்டு. அப்படிப்பட்ட காயத்தில் கராம்பு எண்ணெயையோ கறுவா எண்ணெயையோ விட்டால், மேலே கொஞ்சம் காய்ந்தது போலத் தெரியும். ஆனால் வடிதல் என்பது உள்ளே எலும்பிலோ துண்டைச் சுற்றியோ கிருமி குடியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். மேலே பூசும் எதுவும் அங்கே போய்ச் சேராது. எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டிய காயம் அது. வருடக்கணக்கில் பழகிவிட்ட வடிதல் என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

செயற்கைக் கால் போடுபவர்களுக்கு மூட்டும் இடத்தில் வேர்வையும் உராய்வும் இருக்கும். அங்கே வாசனை எண்ணெய் பூசி, அதன் மேல் காலை மாட்டினால் எண்ணெய் ஆவியாக வழியின்றித் தோலோடு அடைபட்டு நிற்கும். தோல் வெந்து கொப்புளிக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் சிவந்து கடிக்கும். மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காற்றாட விடுவதே அந்த இடத்துக்கு நல்ல பராமரிப்பு. திரும்பத் திரும்பப் புண் வந்தால் காலின் அளவு மாறியிருக்கிறது என்று அர்த்தம். 1987 முதல் செயற்கை உறுப்புச் சேவை செய்துவரும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் காட்டி அளவைச் சரிசெய்ய வேண்டும்.

நீரிழிவு உள்ள அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பாதம் மரத்திருப்பதால் எண்ணெய் எரிப்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் பாதப் புண்ணில் எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். இதய வால்வு நோய்க்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கராம்பு எண்ணெயை உட்கொள்ளவே கூடாது. யூஜினோலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்புடையது. கர்ப்பிணிகள் கறிக்குப் போடும் கராம்புக்குப் பயப்படத் தேவையில்லை, எண்ணெயை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வெட்டுக் காயத்துக்கு ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் சுத்தமான துணியும்தான் முதல் மருந்து. துருப்பிடித்த தகரம், முள்ளுக்கம்பி, மண் பட்ட காயமானால் ஏற்பு ஊசி தேவையா என்று வைத்தியசாலையில் கேளுங்கள். திரும்பிவந்த காணிகளைத் துப்புரவு செய்யும்போது இப்படியான காயங்கள் வருவது எமக்குத் தெரிந்ததே.

தைலம் செய்து விற்கும் சகோதரிகளுக்கு

சுயதொழிலாகத் தைலம், சவர்க்காரம், நுளம்பு விரட்டி செய்யும் மகளிர் குழுக்களும் இருக்கின்றன. தொழிலைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செறிந்த எண்ணெயைக் கையாளும்போது கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் வேலை செய்யுங்கள். செறிந்த எண்ணெய் சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும், ஆகவே கண்ணாடிப் போத்தலே ஏற்றது. குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் அடைத்து வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடிபானம் என்று நினைத்துவிடுவார்கள்.

போத்தலில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், குழந்தைக்கு எட்டாமல் வைக்கவும், உட்கொள்ள வேண்டாம் என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். "நோய் தீர்க்கும்" என்று எழுதி விற்றால் அது மருந்து. ஆயுர்வேத, சித்த மருந்துகள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே அப்படி விற்க முன்னர் ஆயுர்வேதத் திணைக்களத்தில் விசாரித்து, உரிய பதிவைச் செய்துகொள்ளுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் மூலம் ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. யூஜினோலும் சினமல்டிகைட்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. 2023இல் பட்டியல் மேலும் நீண்டிருக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியவை

1. வீட்டிலுள்ள தைலப் போத்தல்களை எல்லாம் ஒன்றாக எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதாதவற்றைப் பாவிக்காமல் அகற்றிவிடுங்கள்.

2. மிகுதியைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய பெட்டியில் வையுங்கள். சாமித் தட்டு உயரமான இடமல்ல, கதிரையில் ஏறும் பிள்ளைக்கு அது எட்டும்.

3. தோலில் பூசுவதானால் நேரடியாகப் பூசாதீர்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு துளிக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தொட்டு, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தால், கடித்தால் விட்டுவிடுங்கள்.

4. பிள்ளை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் ஆபத்து கூடும். வாயைத் துடைத்துவிட்டு, பிள்ளை சுகமாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் சேவை இலவசம். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

5. கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் வரை விட்டுக் கழுவி, பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

6. சித்த வைத்தியத்தை நாடுபவர்கள் பதிவு செய்த வைத்தியரிடம் போங்கள். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. மருந்தின் அளவு அறிந்தவர் கையில் இருப்பதற்கும் தெருவோரத்தில் வாங்குவதற்கும் வேறுபாடு பெரிது.

இன்னொரு காரியத்தையும் நாங்கள் சேர்ந்து செய்யலாம். பல்வலி வந்த ஒரு பெண் வைத்தியசாலைக்குப் போக முடியாமல் இருப்பது பெரும்பாலும் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால்தான். உங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பற்றிக் கதையுங்கள். மாதத்தில் ஒருநாளைத் தெரிந்து, நான்கைந்து பேராகப் பல் கிளினிக்குக்குப் போங்கள். அன்றைக்கு அவர்களின் பிள்ளைகளை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் முறை மாறட்டும். மருந்தில்லாத காலத்தில் ஒருவருக்கொருவர் வைத்தியம் பார்த்த பெண்கள் நாங்கள். மருந்து இருக்கும் காலத்தில் ஒருவரையொருவர் வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பது அதைவிடக் கடினமான காரியமல்ல.

உங்கள் ஐயங்களையும் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.